முதல் ஷீட்டில் கையெழுத்து

சிவகாசியில் சீனிவாசகத்தின் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிறம் ஒத்துவந்ததும் மெஷினிலிருந்து எடுக்கும் முதல் நல்ல ஷீட்டில் முதலாளி கையெழுத்துப் போட்டால்தான் மற்றது ஓடும். நிறத்தைப் பார்ப்பார், ஓரத்தைப் பார்ப்பார், போட்டுவிடுவார். எழுத்தை மட்டும் படிக்க மாட்டார். மெஷின் ஐந்து நிமிடம் சும்மா நின்றால் அவருக்கு நெஞ்சு அடைத்துவிடும்.

அவர் மனைவி பொன்னுத்தங்கம் விருதுநகரில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள். கல்யாணமாகி வந்த இருபது வருடமாக அந்தக் கையெழுத்தின் மேல் அவளுக்கு ஒரு கண். நகை கேட்டால் வாங்கித் தருவார், அந்தப் பேனாவை மட்டும் தரமாட்டார். "அங்கன ஒரே மை வாடை, உனக்கு ஆகாது" என்பார். நல்ல மனுஷன்தான், இந்த ஒரு விஷயத்தில் மண்டு.

அன்று மே மாத வெயிலில் சாப்பாடு கொண்டுபோனவள் மேசையில் விரித்திருந்த ஷீட்டைப் பார்த்தாள். பெங்களூர்ப் பள்ளி ஒன்றின் டைரி. பிள்ளைகளுக்கான விதிகள், எல்லாம் ஆங்கிலம். சோற்றில் கல் கிடப்பது மாதிரி வரிக்கு வரி செமிகோலன். உணவும்; தண்ணீரும்; கொண்டு வருக என்கிற மாதிரி. தாமதமாக வந்தால்; வெளியே நிற்க வேண்டும் என்கிற மாதிரி.

சீனிவாசகம் பேனா மூடியைத் திறந்துவிட்டார்.

"ஏங்க, போடாதீக! ஏகப்பட்ட செமிகோலன் தப்பு. ரெண்டு பக்கமும் தனியா நிக்கிற முழு வாக்கியமா இருக்கணும், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமும் இருக்கணும். அப்பத்தான் நடுவுல செமிகோலன். இவுக கமா போடுற இடத்துல எல்லாம் அதைத் தூக்கி வச்சிருக்காக."

"பார்ட்டி எழுதிக் குடுத்தது பொன்னு. பள்ளிக்கூடத்துக்கே நாம இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கவா? கோவிச்சுக்கிட்டு ஆர்டரைத் தூக்கிருவாக."

"பிள்ளைக வருசம் பூரா இதைத்தான பாக்கும்? போனைப் போட்டுக் குடுங்க, நான் பேசுதேன்."

மெஷின்மேன் சண்முகவேல் சுவிட்ச் பக்கத்தில் நின்றார். பைண்டிங் பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னது தப்பாகிவிட்டால் இனி சாப்பாட்டுக் கூடையோடு மட்டுமே இந்த வாசலை மிதிக்க வேண்டும் என்பது பொன்னுத்தங்கத்துக்குத் தெரியும். சீனிவாசகம் போட்டுக் கொடுத்த போனைக் காதில் வைத்தாள்.

ஒவ்வொரு வரியாகச் சொல்லி முடித்தாள். மறுமுனையில் தலைமையாசிரியை சிரித்துவிட்டார். அவரேதான் டைப் அடித்தாராம். வெறும் கமா போட்டால் மதிப்பாக இருக்காது என்று நினைத்தாராம். திருத்திவிடச் சொன்னவர், "நீங்கள் யார் பேசுவது?" என்று கேட்டார்.

அவள் வாயெடுக்கும் முன் சீனிவாசகம் குனிந்து, "எங்க புரூப் ரீடர், மேடம்" என்றார். அங்கேயே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. பைண்டிங் பெண்கள் இருந்தார்களே என்று விட்டாள்.

திருத்திய பக்கத்தை அச்சடிக்கப் புது பிளேட் செய்து வர சாயங்காலமாகிவிட்டது.

"ஒரு செமிகோலனை மட்டும் விட்டுட்டியே?" என்றார் சீனிவாசகம், புது ஷீட்டைப் பார்த்து.

"அது சரியான இடத்துல உக்காந்திருக்கு. அதைப் போய் எதுக்கு எழுப்ப?"

அவர் சிரித்துக்கொண்டே புது ஷீட்டில் கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷம். போட்டபிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ராத்திரி சோறு போட்டாள், பேச்சுப் போடவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு போன் வந்தது. எந்நாளும் மெஷின் இரைச்சலில் கத்திப் பேசும் மனுஷன் அன்று மெதுவாகப் பேசினார். பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

"பொன்னு, அடுத்த ஷீட் வந்திருச்சு."

"போட வேண்டியதுதான கையெழுத்து?"

"படிச்சவகதான் போடணும்னு சண்முகவேல்கிட்ட சொல்லிட்டேன். ஆட்டோ அனுப்பிருக்கேன்."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"நான் வாரதுக்குள்ள மெஷினை ஓட்டிராதீக."

"அரை மணி நேரமா நிக்கிது" என்றார் சீனிவாசகம். "நீ மெதுவா வா."