மேளத்துக்குக் குனிந்த சாமி

இலங்கையின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் மாரிசாமி தப்பு மேளம் அடிக்காமல் எந்தத் திருவிழாவும் தொடங்கியதில்லை. ஆனால் அவரும் தம்பி ரஜீவும் நின்று அடிப்பது கோயில் வேலிக்கு வெளியேதான். அவர்கள் அப்பாவும் அங்கேதான் நின்றார். போ என்று யாரும் சொன்னதில்லை. உள்ளே வா என்றும் சொன்னதில்லை.

போன வருசம் பக்கத்து ஊரான பசறையின் நடன டீச்சர் விதுஷா, பிரேசிலில் ஒரு நாட்டுப்புற ஆட்ட விழாவுக்குக் காமன் கூத்துக் குழுவை அழைத்துப் போனார். தப்புக்கு மாரிசாமி. சல்வதோர் என்ற கடலோர ஊர். இவர்கள் ஆடி முடித்ததும் அந்த ஊர்ப் பெண்கள் வட்டமாக நின்று கைதட்ட, ஒருத்தி மாற்றி ஒருத்தி நடுவே வந்து பாவாடை சுழல ஆடினார்கள். அவர்களில் ஒருத்தியான லூசியா, மறுநாள் தன் கோயில் பூசைக்குக் கூப்பிட்டாள்.

"வெள்ளை உடுத்தி வரணுமாம் அண்ணே. ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையாப் புடிச்சிட்டு வந்தாங்களே, அவங்க கொண்டாந்த சாமிங்களாம்," என்றார் விதுஷா.

"நம்ம சாமியும் இந்தியாவுல இருந்து கப்பலேறி வந்ததுதானே டீச்சர்," என்றார் மாரிசாமி.

கோயில் என்றது மேட்டில் ஒரு சாதாரண வீடு. தரையெல்லாம் பச்சிலை பரப்பியிருந்தது. மிதிக்க மிதிக்க வாசம். ஒரு மூலையில் வெள்ளைத் துணி கட்டிய மூன்று மேளங்கள். உள்ளே வந்தவர்கள் எல்லாரும் அவற்றின் முன்னால் குனிந்து தரையைத் தொட்டு நெற்றியில் வைத்தார்கள். பின்னால் சிலை ஏதும் இருக்குமோ என்று மாரிசாமி எட்டிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

மேளம் எழும்ப, வெள்ளைப் பாவாடைப் பெண்கள் சுற்றி வந்தார்கள். திடீரென லூசியாவின் தோள் உதறியது. சாமி வந்துவிட்டது என்று மாரிசாமிக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. இரண்டு பெண்கள் அவளைத் தாங்கி, வேர்வை துடைத்து, இடுப்பில் துணியை இறுக்கினார்கள். அவள் ஆடிக்கொண்டே வந்து மேளக்காரர்கள் முன்னால் தலை தாழ்த்தினாள். அவர்கள் அதைப் பெரிதாக எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். மாரிசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

முடிந்ததும் கௌப்பிப் பயறு வடை போல ஒன்று கொடுத்தார்கள். சாமி ஏன் மேளக்காரருக்குக் குனிகிறது என்று லூசியாவிடம் கேட்கும்படி மாரிசாமி விதுஷாவிடம் சொன்னார்.

லூசியா சிரித்தாள். அவள் சொன்னதை விதுஷா தமிழில் சொன்னார்: "மேளம் கூப்பிட்டுத்தானே சாமி வந்துச்சு, வணக்கம் சொல்ல வேணாமாங்கிறா."

ஊர் திரும்பினார். மாரியம்மன் திருவிழா வந்தது. கரகம் எடுக்கும் நேரத்தில் மாரிசாமி தப்பைத் தோளில் மாட்டவில்லை. கோயில் தலைவர் ஜெயகுமாரிடம் போனார்.

"இந்த வருசம் தப்ப அம்மன் காலடியில வச்சுப் பூச போடணுங்க. நாங்களும் உள்ள வாறோம்."

"இது என்னப்பா புதுசா?"

"தப்புச் சத்தம் இல்லாம அம்மன் என்னைக்காவது எறங்கியிருக்காளாங்க?"

ஜெயகுமார் பூசாரியைத் திரும்பிப் பார்த்தார். வருசா வருசம் அம்மன் வந்து ஆடும் கருப்பம்மா, கொழுந்து பறித்துக் கறுத்த கையால் வேலிப் படலைத் தள்ளித் திறந்தாள்.

"வாங்கண்ணே. நேரமாச்சு."

நாலைந்து பேர் முணுமுணுத்தபடி தெருவுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். பூசாரி தப்புக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். மாரிசாமி அடிக்கத் தொடங்கினார். ரஜீவின் குச்சி மட்டும் அசையவில்லை.

"என்னடா?"

"அண்ணே, அம்மனுக்கு மூக்குத்தி இருக்குண்ணே."

"அடிடா," என்றார் மாரிசாமி. அவரும் அதை அன்றுதான் பார்த்தார்.