கொழுந்தன் செய்துகொண்டது

கட்டிலில் படுத்திருந்த புருசனுக்குக் கோகிலவாணி சாத்துக்குடி உரித்துக் கொடுப்பதைத் துளசாமணி தறிக்குடோன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சுளையில் ஒட்டியிருந்த நாரைக்கூட நகத்தால் எடுத்துவிட்டுத்தான் கொடுத்தாள். கொழுந்தன் சிவராசு மொபெட்டிலிருந்து விழுந்து இடுப்பில் அடி என்று வீட்டில் பேச்சு. இடுப்பில் அடிபட்டவன் எதற்குக் காலை அகட்டி அகட்டி நடக்கிறான்? மூன்று பெற்றவளுக்கு இதுகூடவா புரியாது. சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியருகே கோகிலவாணியை மடக்கினாள்.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்கக்கா. அவரு குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிட்டாருங்க. ரெண்டு பெத்தவ நீ, கத்தியும் உனக்கேவான்னு சொல்லிப்போட்டு, அவரே போயிப் பண்ணிட்டு வந்துட்டாருங்க."

சொல்லும்போது அவள் முகத்தில் பயம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் பூரிப்பு. துளசாமணி கையிலிருந்த குடத்தை நங்கென்று தொட்டி மேல் வைத்தாள். அவளுக்கும் ஆபரேசன் ஆனதுதான். மூன்றாவது பிறந்ததும் மாமியார் மாரியாத்தாளும் புருசன் பாலுசாமியும் பேசி முடிவு செய்தார்கள். பல்லடத்து ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கிவிட்டுப் பாலுசாமி ஈரோட்டுக்கு நூல் எடுக்கப் போய்விட்டான். தையல் பிரித்த கையோடு தறிக்கு நூலைத் தாராகச் சுற்ற உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு யாரும் ஒரு பழத்தை உரித்துக் கொடுக்கவில்லை. கொடுப்பார்கள் என்று அவளும் நினைக்கவில்லை. நேற்று வந்தவளுக்குக் கிடைத்ததைக் கண்ட பிறகுதான் தனக்குக் கிடைக்காதது என்னவென்றே தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போய், குடோனில் தறிகள் நின்றன. சுகாதார நர்ஸம்மா வந்து, அங்கே உட்கார்ந்திருந்த பெண்களிடம், ஆண்களும் பண்ணிக்கொள்ளலாம், அது இன்னும் சுலபம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததுதான் தாமதம், பக்கத்து வீட்டு ராசாத்தாள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஆம்பளைக்குப் பண்றதுக்குப் பேரு குடும்பக் கட்டுப்பாடாமா? எங்கூர்ல அதுக்குக் காயடிக்கறதும்பாங்க!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாரியாத்தாளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கோகிலவாணியும் பேசாமல் இருந்திருக்கலாம். பன்னிரண்டாவது வரை படித்த வாய், கேட்குமா?

"அதென்னுங்க, பொம்பளைக்குன்னா ஆபரேசன், ஆம்பளைக்குன்னா காயடிக்கறதுங்களா? மாட்டுக்குச் சொல்றதை மனுசனுக்குச் சொல்லலாமுங்களா?"

"பின்ன என்னன்னு சொல்றது கண்ணு?" என்றாள் மாரியாத்தாள். "பெத்துக்கறது பொம்பளை. நிறுத்தறதும் பொம்பளை பாடு. ஆம்பளைக்கு அதுல என்ன சோலி?"

"பெத்துக்கறதுக்கு மட்டும் சோலி இருந்துச்சுங்களே அத்தை. யாரு பண்ணிக்கிட்டாலும் அதுக்கு ஆபரேசன்னுதானுங்க பேரு."

கோகிலவாணி தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் ஒருத்தன் தனக்காகக் கத்திக்குப் படுத்தான் என்ற திமிர் அது என்று துளசாமணிக்குப் பட்டது. அந்தத் தலை குனிவதைப் பார்த்தே ஆகவேண்டும் போலிருந்தது. தனக்கு ஒரு கண் போனாலும் எதிரிக்கு இரண்டும் போகவேண்டும் என்பார்களே, அந்தக் கதைதான்.

"ஏனுங்கத்தை, அப்ப நம்மூட்டுச் சின்னவரை என்ன பேரு சொல்லிக் கூப்பிடறதுங்க?"

மாரியாத்தாள் மூத்த மருமகளைப் பார்த்தாள், பிறகு இளையவளைப் பார்த்தாள். கோகிலவாணியின் தலை குனிந்தது. கண் நிறையப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்த துளசாமணிக்கு அந்தப் பக்கம் திரும்பவே முடியவில்லை.

அடுத்த வாரம் மாரியம்மன் பொங்கல். இந்த வருசம் வீட்டுக்காகத் தீர்த்தக்குடம் எடுக்கவேண்டியது சிவராசு. மாரியாத்தாள் இரண்டு நாள் அழுதாள். பாலுசாமி ஒரே வார்த்தையில் முடித்தான்.

"கொறை ஒடம்போட தீர்த்தம் எடுக்கக்கூடாது. நானே எடுத்துக்கறேன்."

சிவராசு தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். துளசாமணி நினைத்ததற்கு மேலேயே நடந்துவிட்டது, சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தக் 'கொறை ஒடம்பு' அவளைப் படுக்கவிடவில்லை. விளக்கை அணைக்குமுன் புருசனிடம் கேட்டே விட்டாள்.

"ஏனுங்க, நானும் பண்ணினவதானுங்களே. வருசா வருசம் நாந்தான மாவிளக்கு எடுக்கறேன். என்னுது கொறை ஒடம்பு இல்லீங்களா?"

பாலுசாமிக்குச் சிரிப்பு வந்தது. கோபமெல்லாம் ஒன்றுமில்லை, பிரியமாகத்தான் சொன்னான்.

"நீ பொம்பளை. உனக்கெல்லாம் அதை யாரு பாக்கறாங்க?"

திரும்பிப் படுத்துக் குறட்டையும் விட ஆரம்பித்துவிட்டான்.

பொங்கலன்று காலை, மேளத்துக்குப் பின்னால் பாலுசாமி வேப்பிலை சொருகிய குடத்தோடு நடந்தான். துளசாமணி மாவிளக்குத் தட்டோடு அவன் பின்னால் போனாள். சாமி காரியத்துக்குப் போகிறவர்களின் காலில் வாசலுக்கு வாசல் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். சொந்த வீட்டு வாசல் வந்தது. சிவராசு கைக்குழந்தையோடு நின்றான். கோகிலவாணி தண்ணீர் அண்டாவைத் தூக்கக் குனிந்தாள். அவன் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, தானே அண்டாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

தெருவே பார்த்தது. ராசாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிவராசு குனிந்து அண்ணன் காலில் தண்ணீர் ஊற்றினான். பாலுசாமி விறைப்பாக முன்னால் போய்விட்டான். அடுத்து நின்றவள் துளசாமணி. தன்னைத் தாண்டிப் போய்விடுவான் என்று நினைத்தாள், போய்விட்டால் தேவலை என்றும் இருந்தது. அவன் இன்னும் தாழக் குனிந்தான்.

"காலைக் கொஞ்சம் முன்ன வெய்யுங்கண்ணி."

தண்ணீர் ஜில்லென்று விரல்களுக்கு நடுவே ஓடியது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் கோகிலவாணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேறு யாரையும் பார்க்காமல், குனிந்திருந்த தன் புருசனின் வேர்வையில் நனைந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேளம் தூரத்தில் கேட்டது. துளசாமணி ஈரக் காலோடு மண்ணை மிதித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் முன்னால் போகிற புருசனை எட்டிப் பிடிக்க வேகமாக நடந்தாள்.