மருதாயி அழுத படம்

வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு இறங்கிய தவசி, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே அருள்பாண்டியிடம் வந்தான். ரேடியோ செட் அவனுடையது. காதுகுத்தோ கேதமோ, இந்தத் தெருவுக்கு அவன்தான்.

"ஒப்பாரிப் பாட்டெல்லாம் வயசானதுகளுக்கு மாப்ள. தங்கச்சிக்கு முப்பத்தொண்ணுதான? அதுக்குப் பிடிச்சது ஏதாச்சும் இருந்தா சொல்லு."

"செங்காட்டு மருதாயி" என்றான் அருள்பாண்டி. "அதுல கடைசிப் பாட்டு."

"படத்துல உள்ளதா?"

"படத்துல உள்ளதுதான்."

விடிந்ததிலிருந்து அவனிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் உடனே பதில் சொல்ல முடிந்தது இது ஒன்றுக்குத்தான். எந்தச் சேலையைக் கட்டிவிடுவது என்று பெண்கள் கேட்டபோது பீரோவைக் காட்டிவிட்டு வெளியே வந்துவிட்டான். ஆறு நாள் நிமோனியாக் காய்ச்சலில் கிடந்து, இன்று காலை ஆஸ்பத்திரியில் அவன் மனைவி சுபலட்சுமி போய்விட்டாள். அவன் இன்னும் அழவில்லை. அழுதுவிடு என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்.

பாட்டு ஆரம்பித்தது. வயலின்கள் எழும்பி வந்தன. அவற்றுக்கு மேலே கதாநாயகியின் கதறல். ஃப்ரீசர் பெட்டியைச் சுற்றியிருந்த பெண்கள் அதோடு சேர்ந்து குரலெடுத்தார்கள். அவன் வேலை பார்க்கும் கப்பலூர் கம்பெனியிலிருந்து வந்திருந்த மேனேஜர் பிளாஸ்டிக் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"இந்தப் படம்னா அவளுக்கு உசுரு சார்" என்றான். "தியேட்டர்ல பாதிப் படத்துக்கு மேல அழுதுகிட்டேதான் இருந்தா."

சொல்லும்போது, மனைவியை அறிந்தவன் என்ற பெருமை அவன் குரலில் இருந்தது.

படமாவதற்கு முன்னால் அது நாடகம். சோழவந்தானில் பதினோரு வயதில் முதன்முதலாகப் பார்த்தவள், அதன்பிறகு அந்த நாடகச் செட்டு எங்கே மேடை போட்டாலும் போனாள். கல்யாணத்துக்குப் பிறகும், தன்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த இந்துப்ரியாவின் ஸ்கூட்டியில் உட்கார்ந்து போனாள். விடிய விடிய மணலில் இருந்துவிட்டு, கண் சிவந்து, தொண்டைக்குள் பாடியபடியே வந்து இட்லி ஊற்றுவாள். அவன் ஒருமுறைகூடப் போனதில்லை. ஆர்மோனியமும் அரிதாரமும் அவனுக்குக் கூச்சமாக இருந்தன. இதே மேனேஜர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டபோது, கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறான். போன தீபாவளிக்கு அது படமாகி, கம்பெனி முழுக்க அதே பேச்சாக இருந்தபோது மட்டும், என் வீட்டம்மாவுக்குச் சின்ன வயசிலிருந்தே இந்தக் கதை தெரியும் என்று தானாகவே போய்ச் சொன்னான். லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, அவளைக் கூட்டிக்கொண்டு போனான்.

பாட்டு இரண்டாம் தடவை ஓடும்போது இந்துப்ரியா மாலையோடு வந்தாள். தெருமுனையிலேயே நின்று வேப்பமரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பெட்டியருகே நெடுநேரம் இருந்துவிட்டு அவனிடம் வந்தாள்.

"அண்ணே, இதை யாரு போடச் சொன்னது?"

"நான்தாம்மா. அவளுக்குப் பிடிச்சதுல்ல?"

அவள் தரையைப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றாள். அவன் விடவில்லை. பிறகு தணிந்த குரலில் சொன்னாள்.

நாடகத்தில், கண்மாய் மடையில் புருஷன் செத்துப்போன சேதி வந்ததும் மருதாயி அழமாட்டாள். வாசலைக் கூட்டிக்கொண்டே பாடுவாள். அவன் பாதியில் விட்டுப்போன வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாடுவாள். மிருதங்கம் நின்றுவிடும், ஆர்மோனியம் மட்டும்தான். அந்த அரைமணி நேரமும் கூட்டத்தில் ஒருவர்கூட எழுந்து போகமாட்டார்கள். சினிமாவில் அவளை மண்ணில் புரண்டு கதற வைத்து, அதுவும் போதாதென்று புருஷனைத் தண்ணீருக்குள்ளிருந்து உயிரோடு எழுப்பியும் விட்டார்கள்.

"மருதாயியப் போயி அழ வச்சுட்டாங்களேடின்னு அம்புட்டு அழுகை அண்ணே. மறுநாள் போன்ல ஒன்றரை மணி நேரம்."

"எங்கிட்ட நல்லா இருந்துச்சுன்னுதான சொன்னா."

"ஆசையா லீவு போட்டுக் கூட்டிட்டுப் போனாரு, சொல்லிறாதடின்னா. அடுத்த மாசம் டி.கல்லுப்பட்டியில நாடகம். உங்கள எப்படியாச்சும் கூட்டிட்டு வாரேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா."

கேட்டாள்தான். காய்ச்சலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டே, வாரீங்களா என்று கேட்டாள். அவன் போனிலிருந்து தலையை எடுக்காமல், "அதான் படமே பாத்தாச்சே" என்றான். அவள் சிரித்துவிட்டு மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்றாம் தடவை வயலின்கள் எழும்பின. அருள்பாண்டி எழுந்து தவசியிடம் போனான். நிப்பாட்டச் சொன்னான். தவசி அவன் முகத்தைப் பார்த்தபடி சத்தத்தை இறக்கினான்.

"என்னடா, பாட்டை ஏன் நிப்பாட்டுற?" பந்தலுக்குள்ளிருந்து தாய்மாமா சின்னச்சாமியின் குரல் வந்தது. "பொம்பளைக அதக் கேட்டுத்தான அழுகுதுக."

மேனேஜரும் திரும்பிப் பார்த்தார்.

"ஆம்ப்ளிஃபயர் சூடாயிருச்சுன்னு சொல்லிரவா மாப்ள?" என்றான் தவசி, உதடு அசையாமல்.

அருள்பாண்டி தலையை ஆட்டி மறுத்தான்.

"அவளுக்கு இந்தப் படம் பிடிக்காது மாமா" என்றான். சத்தம் தேவைக்கு மேல் பெரிதாக வந்துவிட்டது. "நாடகம்தான் பிடிக்கும். எனக்கு அது இப்பத்தான் தெரியும்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மேனேஜர் தன் செருப்பைப் பார்த்தார். பெண்களின் அழுகை ஒவ்வொன்றாகத் தணிந்து, பந்தலில் பெட்டியின் மோட்டார் இரைச்சல் கேட்டது.

இந்துப்ரியா தூணோரமாக நின்றிருந்தாள். அவளிடம் போனான்.

"அந்தப் பாட்டு உனக்குத் தெரியுமாம்மா?"

"ரெண்டு வரி தெரியும்ண்ணே. முழுசா அவளுக்குத்தான் தெரியும்."

தவசி நடைக்கு வந்து குத்தவைத்தான். ரேடியோ செட்டுக்கும் பெட்டிக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டு. கூட்டத்தின் கால்களுக்கு இடையே கிடந்த வயர்களில் தன்னுடையது எதுவென்று விரலால் தடவிக்கொண்டே வந்தான். பெட்டியின் பிளக்கை இடது கையால் அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தன்னுடையதை மெதுவாக உருவினான்.