ஏழாவது பாட்டு

"அந்த ஒரு பாட்டை மட்டும் எடுத்துடுங்க அண்ணி. மத்த ஒம்பதும் வரட்டும், நானே நாலு பேருக்கு அனுப்புறேன்," என்றான் கொழுந்தன். ஆலைச் சீருடையோடு சாப்பிட உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையின்மேல் செத்துப்போன அண்ணனின் எண்ணையே அவனுக்கும் தைத்துக் கொடுத்திருந்தார்கள்.

அவள் தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

"புருஷனைப் பறிகொடுத்தவ ஒரு மூலையில கிடக்கணும். இவ மைக்கைப் புடிச்சி ஊர் பூரா ஒப்பாரி வைக்கிறா," என்றாள் மாமியார் அடுப்படியிலிருந்து. "அவன் நெஞ்சுவலியை அன்னைக்கே கவனிச்சிருந்தா இந்தப் பாட்டு எதுக்கு?"

ஒரு வருஷமாக இதே பேச்சுதான்.

அவள் துணித் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். தையல் இயந்திரத்தின் ஓட்டத்துக்கு வார்த்தைகளைக் கட்டிக் கடகடவென்று ராப் பாடுவாள். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ஊசி. ஆல்பத்திலும் அதே பெயர்தான். "பத்துப் பாட்டு இருந்தா ஆல்பம்டீ, ஆரம்பி," என்று ஸ்டுடியோ தேடிக் கண்டுபிடித்ததே புருஷன்தான். ஆறு பாட்டு முடிந்திருந்தபோது அவன் போய்விட்டான்.

ஆலையின் கழிவுத் தொட்டியில் அடைப்பெடுக்க அவனை முகமூடி இல்லாமல் இறக்கினார்கள். நச்சுக்காற்று. மேலாளர் மாரடைப்பு என்றார். பதிலுக்கு ஒரு வேலை தருவதாகச் சொன்னார்கள். மனைவிக்குத்தானே என்று அவள் போய் நின்றாள்.

"வீட்டுல ஆம்பளை யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டார் மேலாளர். வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள். வேலை கொழுந்தனுக்குப் போனது; கூடவே ஒரு காகிதமும் வந்தது. குடும்பத்தில் யாரும் இதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டோம் என்று எல்லாருக்குமாகச் சேர்த்துக் கொழுந்தன் கையெழுத்துப் போட்டான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது பாட்டு விஷயம் எப்படியோ மேலாளர் காதுக்குப் போயிருந்தது.

"இவளை நம்ப முடியாது. நானே நேர்ல வந்து அழிக்கச் சொல்றேன்," என்று ஞாயிற்றுக்கிழமை மாமியாரும் அவளோடு ஸ்டுடியோவுக்குக் கிளம்பினாள்.

டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. சத்தம் வரக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"ஏழாவதை அழிச்சிடுப்பா," என்றாள் மாமியார், உட்காராமலே.

ஒலிப்பதிவாளன் ஊசியைப் பார்த்தான். "ஒரே ஒரு தடவை கேட்டுடுங்கம்மா. அப்புறம் நீங்க சொல்றபடி," என்று பாட்டைப் போட்டான்.

மருமகளின் வேகத்தில் மாமியாருக்குப் பாதி பிடிபடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். திடீரென்று தாளம் நின்றது. ஒரு கிழட்டுக் குரல் மட்டும் பேசியது.

"முகமூடி கேட்டோம், குடுக்கல. அஞ்சு நிமிஷ வேலைதானே, எறங்குன்னாங்க. கயிறு என் கையிலதான் இருந்துச்சு. ரெண்டு தடவை இழுத்தான். நாங்க மேல தூக்குறதுக்குள்ள..."

மாமியார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பத்து வருஷம் மகனோடு வேலை பார்த்த பெரியவரின் குரல் அது; அவள் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவர். சாவுக்குப் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று அவரைத் திட்டாத நாளில்லை. வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று அவரைத் தடுத்தது சின்ன மகன் என்பது அவளுக்குத் தெரியாது. போன மாதம் ஆலையை விட்டு நின்ற பிறகுதான் அவர் ஊசியைத் தேடி வந்து பேசினார்.

"இது... சின்னவனுக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"நீ ஏன்டி சொல்லல?"

"சொன்னேன். உன் மேல இருக்கற பழியை அடுத்தவன் தலையில கட்டப் பாக்குறியான்னீங்க."

அந்தப் புழுக்கத்தில் மாமியார் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள், பிறகு கண்ணை.

"பாட்டு வந்தா தம்பிக்கு வேலை போயிடும் அத்தை," என்றாள் ஊசி மெல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"போகட்டும். நாளைக்கு இவனையும் அதே தொட்டியில எறக்க மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?"

ஒலிப்பதிவாளன் தயங்கினான். "அப்ப என்ன பண்ணட்டும்மா?"

மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பெரியவர் பேசுற இடத்துல சத்தம் கம்மியா இருக்கு," என்றாள். "கூட்டி வை."