குரலும் நெருப்பும் இடம் மாறிய பெட்டி

குபாத் தன்னை 'ஒலிச் சிற்பி' என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்து மூன்று வருஷமாகிறது. அதற்கு முன்னால் கிர்கிஸ் தலைநகரான இதே பிஷ்கெக்கில் டிவி ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். அக்கம்பக்கத்துக் கராஜ்காரர்கள் இன்றும் "டிவிக்காரர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கிட்டார்காரர்கள் காலால் மிதித்துச் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடலைத் தன் கராஜில் வைத்துச் செய்வதுதான் அவருடைய சிற்பத் தொழில். உள்ளே நாலு டிரான்சிஸ்டர், ஒரு பேட்டரி. வெளியே உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினியப் பெட்டி. அந்தப் பெட்டிக்கு ஏர்பிரஷ்ஷால் படம் போடுபவள் பெகிமாய்.

வாரம் ஆறு நாள் அவள் ஓஷ் சந்தைப் பக்கத்து அழகு நிலையத்தில் பெண்களின் நகங்களுக்குப் படம் போடுகிறாள். சுண்டுவிரல் நகத்தில் ரோஜாத் தோட்டம் போட்டவளுக்கு உள்ளங்கை அகலம் என்பது மைதானம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஏர்பிரஷ்ஷைத் துண்டில் சுற்றிக்கொண்டு கராஜுக்கு வந்துவிடுவாள். காற்றடிக்க, குபாத் ஒரு பழைய ஃபிரிட்ஜின் மோட்டாரைக் கழற்றி வைத்திருந்தார். அது பெருமூச்சு விட்டுக்கொண்டே வேலை செய்யும்.

இதுவரை பதினேழு பெட்டிகள். எல்லா மூடியிலும் குபாத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதை எழுதியதும் அவள்தான்.

"பைகே," என்றாள் பெகிமாய். அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவாள். "இந்தத் தடவை மூடியில என் பேரும் வரணும்."

"உன் பேரா? பெடல் வாங்கறவன் சத்தத்தை வாங்கறாம்மா. படத்தையா மிதிக்கப் போறான்?"

"படத்தைத்தானே மிதிக்கறான்? சத்தம் உள்ள இருக்கு."

குபாத் தலையைச் சொறிந்தார். "சரி, பெடலை வாசிச்சுப் பாக்க தலாந்த் பைகே வரட்டும். படத்தைப் பத்தி அவர் வாயால ஒரு நல்ல வார்த்தை வந்துச்சுன்னா, இந்த மாடல்ல பின்னாடி வர்ற ஒன்பது பெட்டிலயும் உன் பேரைப் போட்டுக்கோ. ஆனா பனிச்சிறுத்தை, கழுகு, மலை, கூடாரம் நாலும் படத்துல இருக்கணும்."

"இது பெடல் பைகே. ஏர்போர்ட் சுவர் இல்ல."

நாலையும் அவள் போடவில்லை. ஜனவரி மாதத்து மினிபஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியைப் போட்டாள். பெயின்ட்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உறைபனியை ஊதினாள். நடுவில் யாரோ கையுறையால் தேய்த்த மாதிரி ஒரு தெளிவு. அதற்கு அப்பால் தெருவிளக்கின் ஆரஞ்சு. மேலே, திருகிக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களுக்கு இரண்டு ஓட்டைகள். ஒன்றின் கீழே கிர்கிஸ் எழுத்தில் 'குரல்', மற்றதன் கீழே 'நெருப்பு'. குரல் என்றால் சத்தம், நெருப்பு என்றால் கரகரப்பு. இந்தப் புது மாடலில் எது எங்கே வர வேண்டும் என்று குபாத் ஒரு தாளில் வரைந்து, அடியில் 'ஒலிச் சிற்பி' என்று வளைவுகளோடு கையெழுத்தும் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார். அதைப் பார்த்துத்தான் எழுதினாள். மேலே வார்னிஷ் அடித்துக் காய வைத்தபின் குபாத் உள்ளே ஒயர்களை வைத்தார். கவிழ்த்துப் போட்டே வேலையை முடித்ததால் மூடியில் இருந்த எழுத்தைப் படிக்கவில்லை.

மறு ஞாயிறு மத்தியானம் தலாந்த் வந்தார். ஒரு காலத்தில் மாஸ்கோ மேடையில் இரண்டு பாட்டுக்கு வாசித்தவர். மூன்றாவது பாட்டு ஏன் இல்லை என்பதை யாரும் கேட்பதில்லை. கறுப்புப் பெட்டியில் சத்தம் இருட்டாக வரும், சிவப்பில் சுடும் என்று இணையத்தில் எழுதுபவர். "கார் ஒர்க்‌ஷாப்ல இருக்கு, அதான் லேட்டு," என்றபடி கிட்டாரை மாட்டிக்கொண்டார். படத்தை நின்று பார்க்கவில்லை. எழுத்துகளை மட்டும் படித்தார்.

முதலில் அடக்கமாகத் தொடங்கலாம் என்று 'நெருப்பை' முழுக்கக் குறைத்தார். கிட்டார் ஊமையாகிவிட்டது. புருவத்தை உயர்த்தி, அதைக் கொஞ்சம் ஏற்றினார். சத்தம் வந்தது. 'குரலை' ஏற்றினார். கராஜின் தகரக் கதவே கரகரத்தது.

குழம்பிவிட்டார் என்பது பெகிமாய்க்குத் தெரிந்தது. ஆனால் தலாந்த் குழம்புவதில்லை, கண்ணை மூடிக்கொள்வார்.

"கவனிச்சியா குபாத்? நெருப்பை அணைச்சா குரலே இல்ல. குரலை உயர்த்தினா எரியுது. என்ன ஒரு தத்துவம்!"

"அதைத்தான் பைகே நான் மனசுல வச்சிருந்தேன்," என்றார் குபாத்.

"இந்த வெள்ளை பெயின்ட்தான் காரணம். பனி, நெருப்பைப் பிடிச்சு வச்சிருக்கு."

குபாத் அவள் விலாவில் முழங்கையால் இடித்தார். நல்ல வார்த்தை வந்துவிட்டது. ஒன்பது பெட்டியிலும் அவள் பெயர்.

பெகிமாயின் கண்கள் சுவரில் இருந்த தாளுக்குப் போயின. அதில் பேட்டரி வரைந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் பேட்டரி எப்படித் தெரியும்? மனிதர் பெட்டியைக் கவிழ்த்து, வயிற்றைப் பார்த்து வரைந்திருக்கிறார். இடது வலதாகிவிட்டது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அடுத்த ஒன்பதும் தப்பாகவே போகும், அவள் பெயரைச் சுமந்துகொண்டு.

"தத்துவம் ஒண்ணும் இல்லீங்க," என்றாள். "எழுத்து மாறிப்போச்சு. குரல்னு எழுதினது நெருப்பு. நெருப்புன்னு எழுதினது குரல்."

குபாத் குனிந்து மூடியை முதல் தடவையாகப் படித்தார்.

"நீதானே எழுதின?" என்றார் குபாத்.

"நான்தான். பேட்டரி தெரியற மூடியை வரைஞ்சு கொடுத்தது யாரு? கையெழுத்து போட்டிருக்கே."

குபாத் சுவர்த் தாளைப் பார்த்துக்கொண்டே தலாந்தின் கிண்ணத்தில் தேநீரை விளிம்புவரை ஊற்றிவிட்டார். விருந்தாளிக்கு அரைக் கிண்ணம் ஊற்றுவதுதான் மரியாதை. நிரம்பிய கிண்ணம் என்றால் 'கிளம்புங்க' என்று அர்த்தம்.

"ஓஹோ, என்னைப் போகச் சொல்றியா?"

"ஐயோ பைகே, கை தவறிடுச்சு!"

"எனக்கு முதல்லயே தெரியும்," என்றார் தலாந்த், காது சிவக்க. "நீங்க கண்டுபிடிக்கறீங்களான்னு பார்த்தேன்." முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் குனிந்தவரின் பார்வை பெட்டியில் விழுந்தது. அப்போதுதான் படத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் அந்தத் தெளிந்த இடத்தைத் தொட்டார்.

"இது... இடது பக்கம், கடைசி சீட்டுக்கு முந்தின ஜன்னல்."

"எப்படிச் சொல்றீங்க?"

"அங்கதான் ஹீட்டர் எட்டாது. தினம் நான்தான் தேய்ச்சுத் தேய்ச்சு வெளிய பாக்கறேன்."

"கார் ஒர்க்‌ஷாப்ல இருக்குன்னீங்க?"

"ஆறு வருஷமா இருக்கு," என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியே இருக்கு தங்கச்சி. அந்தக் குளிரே இருக்கு. இந்த ஒண்ணை மாத்தாதீங்க, நான் எடுத்துக்கறேன். மத்ததுல எழுத்தைச் சரியாப் போடுங்க."

அவர் போனதும் பெகிமாய், பனி ஊதிக் காய வைத்திருந்த அடுத்த பெட்டியை எடுத்து, பெயின்ட் உள்ளே போகாதபடி ஓட்டைகளில் காகிதத்தைத் திணித்தாள். குபாத் சுவரிலிருந்த தாளைக் கிழித்துவிட்டு, இந்த முறை பெட்டியை நிமிர்த்தி வைத்து வரைந்தார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

"கிர்கிஸ்ல உன் பேரு ஏழு எழுத்தாச்சே, எங்கம்மா இடம்?"

"பனி மேல. விரலால எழுதின மாதிரி."

"என் பேரு?"

"நீங்க இன்னும் பஸ்ல ஏறலயே பைகே."

மோட்டாரைப் போட்டாள். அது பெருமூச்சு விட்டது. தன் பெயரின் முதல் எழுத்தை ஊதத் தொடங்கினாள்.