ஆறு டன் டீசல்

ஆறு டன் டீசல் குறைகிறது என்று கப்பல்காரர்கள் மின்னஞ்சல் அனுப்பியதும் புனிதாவுக்குத் தலை கொதித்தது. குறைந்ததற்காக அல்ல. இப்படித்தான் ஆகும் என்று அவள் மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியில் இயங்கும் சிறிய எண்ணெய் வணிக நிறுவனத்தில் ஒப்பந்தங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. கிள்ளான் துறைமுகத்துக் கிடங்கில் டீசல் வாங்கி, அங்கேயே கப்பல்களுக்கு விற்பார்கள். வாங்கும் ஒப்பந்தத்தில் கிடங்கு மீட்டர் காட்டுவதே இறுதி அளவு. விற்கும் ஒப்பந்தத்தில் கப்பல் தொட்டியில் அளப்பதே இறுதி அளவு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் நிற்பவர் தலையில்தான் விடியும்.

"ரெண்டுலயும் ஒரே அளவ போடுவோம் பாஸ்" என்று அவள் அன்று கேட்டபோது முதலாளி வேலாயுதம் சிரித்தார்.

"ஒரு வரிக்காக டீல் கைவிட்டுப் போயிடும்லா. அப்படியே அனுப்பு."

இப்போது மீட்டர் ஐந்நூறு டன் என்றது. கப்பல் நானூற்றுத் தொண்ணூற்று நான்கு என்றது. வேலாயுதம் தலையைச் சொறிந்துகொண்டு, "நீயே போய்ப் பேசிட்டு வந்துரு" என்றார்.

கொமுட்டர் ரயிலில் கிள்ளானில் இறங்கி, கிராப் டாக்சி பிடித்துத் துறைமுகம் போனாள். கப்பல் முகவர் லோகன் தே தாரிக் தேநீர் வாங்கிக் கொடுத்தான். "அக்கா, பேப்பர்ல எங்க அளவுதான் போட்டிருக்கு. நான் என்ன செய்றது?"

கிடங்கு மேலாளர் காதரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உபசரித்தார். "மீட்டர்தான் கடைசின்னு நீங்கதானேம்மா சைன் பண்ணீங்க?"

இரண்டு பேரும் சொன்னது சரிதான். யார்மேலும் கோபப்பட வழியில்லாததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து வாங்கும் ஒப்பந்தத்தை முதலிலிருந்து படித்தாள். பதினோராம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: சரக்கு எடுத்த ஏழு நாளுக்குள் கேட்டால் மீட்டரைச் சோதித்துக் காட்ட வேண்டும். அன்று ஆறாம் நாள்.

"காதர் அண்ணே, மீட்டர செக் பண்ணனும்."

"போன வருஷம்தானேம்மா பண்ணோம்!"

"இந்த வருஷமும் பண்ணுங்க. இப்பவே எழுதித் தரேன்."

வெளியிலிருந்து அளவையாளர் வந்து சோதித்ததில், ஐந்நூறு டன்னுக்கு நான்கு டன் கூடுதலாக மீட்டர் ஓடுவது தெரிந்தது. காதர் மறுபேச்சில்லாமல் கணக்கைத் திருத்திக் கொடுத்தார். மீதி இரண்டு டன் புனிதாவின் நிறுவனத்தின் தலையில் விழுந்தது.

"பாத்தியா, எல்லாம் செட்டில் ஆயிருச்சு" என்று வேலாயுதம் அடுத்த மாத ஒப்பந்தங்களை நீட்டினார். அளவு பற்றி அதே இரண்டு வரிகள்.

வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று புனிதாவுக்குத் தோன்றியது. தன் மேசைக்குப் போய், இனி வெளி அளவையாளர் சொல்லும் அளவே எல்லாருக்கும் இறுதி என்று வைத்துக்கொள்ளலாமா என்று காதருக்கும் லோகனுக்கும் எழுதினாள். பத்து நிமிடத்தில் லோகனின் பதில் வந்தது: 'ஓகே அக்கா. முன்னாடியே கேட்டிருக்கலாமே?' காதர் ஃபோனிலேயே சரி என்றுவிட்டார்.

அவள் இரண்டு ஒப்பந்தங்களிலும் அந்த வரிகளைத் திருத்தி, அச்செடுத்து, முதலாளியின் மேசையில் வைத்தாள். வேலாயுதம் ஃபோனில் பேசிக்கொண்டே, ஒரு எழுத்தைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.