மேயரோடு வந்த அயல்நாட்டு மேப்பிள்

சேன்ட்-அனிசே மேயர் உல்ரிக் தெரியோ, பாலத்தின் கனடாப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் கழுத்தில் பதவிச் சங்கிலியோடு வண்டியை விட்டு இறங்கினார். சங்கிலி விழாவுக்கு மட்டும் போடுவது. எல்லையில் அதைப் பார்த்தால் வேலை சட்டென்று முடியும் என்பது அவர் எண்ணம்.

வண்டித் தட்டில் ஆளுயர மேப்பிள் கன்று ஒன்று, வேரில் சாக்கு கட்டி நின்றது. ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் அமெரிக்க ஊர் நட்புக்கு அடையாளமாகக் கொடுத்தது. மூன்று மணிக்கு நகர்மன்ற வாசலில் நடவு. தலைநகரிலிருந்து அமைச்சரம்மா வருகிறார். 'அயல்மண்ணில் பிறந்த அரிய மரம்' என்று வெண்கலப் பலகைகூடப் பொருத்தியாகிவிட்டது. இப்போது மணி ஒன்றரை.

தாவரச் சோதனை அதிகாரி ஒடில் சீர், பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு தளிராகப் புரட்டினாள்.

"பூச்சி கீச்சி இல்லையேம்மா?"

"இலையில இல்ல. மண்ணுதான் இடிக்குது. எந்தத் தோட்டத்து மண்ணுன்னு சான்று வேணும்."

"அது வெறும் மண்ணா? நட்பு மண்ணு!"

"நட்புக்குள்ள நூற்புழு இருந்தா?"

மேயர் குரலைத் தாழ்த்தினார். "உங்க அப்பாவும் நானும் ஒரே டீம்ல ஹாக்கி ஆடுனவங்க."

"தெரியும். அவரு முன்பல்லு ரெண்டு போனது உங்க மட்டையாலதானாம்."

"இந்தா பாரு, ரெண்டு ஊரு முன்னோரும் ஒரு மரத்தடியிலதான் கைகுலுக்குனாங்க. அதோட வாரிசு இது."

"வாரிசுன்னா பிறந்த இடம் காட்டுங்க. இல்லன்னா வந்த வழியே திருப்பி அனுப்பணும்."

ஒடில் சாக்கைப் பிரித்தாள். வேருக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் சீட்டு சுற்றியிருந்தது. படித்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அதை அவரிடமே நீட்டினாள்.

'ப்ளூர்ட் நாற்றுப்பண்ணை, சேன்ட்-அனிசே.'

ரொசேர் ப்ளூர்டின் பண்ணை மேயர் வீட்டுக்குப் பின்தெரு. போன இலையுதிர் காலத்தில் ரொசேர் இலவசமாகவே ஒரு மேப்பிள் தருவதாகச் சொன்னார். "உள்ளூர் மரத்த நட்டா அமைச்சர் வருவாங்களா?" என்று மேயர் சபை நடுவே அவர் வாயை அடைத்திருந்தார்.

ஒடில் பண்ணைக்கு போன் போட்டாள். ரொசேரின் குரல் சாவடி முழுக்கக் கேட்டது.

"போன வாரந்தான் அக்கரைக் கடைக்குப் பன்னெண்டு கன்னு அனுப்பினேன். ஏதாச்சும் பட்டுப்போச்சா?"

"இல்ல, ஒண்ணு திரும்பி வந்திருக்கு."

"யாரு கூட?"

ஒடில் சங்கிலியைப் பார்த்தாள். "பெரிய மனுஷர் ஒருத்தர் கூட."

ஏற்றுமதிச் சான்றின் நகல் பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தது. ஒடில் ஒரு படிவத்தை நீட்டினாள். "அக்கரை மண்ணைக் கழுவிட்டு வேரோட கொண்டு போகலாம். பிறந்த இடம்னு இங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

மேயர் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "'வட அமெரிக்கா'ன்னு எழுதட்டுமா? பொய் இல்லையே."

"ஊர்ப் பேரு."

எறும்பு எழுத்தில் எழுதினார். பிறகு அவரே தண்டைப் பிடித்துக்கொள்ள, ஒடில் குழாயைத் திறந்தாள். நட்பு மண் தொட்டிக்குள்ளும் கொஞ்சம் அவர் காலணிக்குள்ளும் போயிற்று. நனைந்த கையாலேயே செயலருக்கு போன் செய்தார்: "பலகையைக் கழட்டு. காரணம் கேக்காத. கழட்டி என் மேசைக்கு அடியில வை."

மூன்று மணி. ஊரே பிளாய் என்னும் உள்ளூர் மெல்லிய ரொட்டியை மென்றுகொண்டு கூடியிருந்தது. ஈரக் காற்சட்டையோடு மேயர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அன்பர்களே! நம்ம ஊருப் பிள்ளை ஒண்ணு வெளிநாடு போயி, அங்கயும் நம்ம பேரைக் காப்பாத்தி, இன்னிக்கு வீடு திரும்பியிருக்கு!"

அமைச்சரம்மா கண்கலங்கிக் கைதட்டினார். முன்வரிசையில் கை கட்டி நின்ற ரொசேர் குரல் கொடுத்தார்:

"எத்தனை நாளு வெளிநாட்டுல இருந்துச்சு, மேயரே?"

"எட்டு நாள்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேயர் அசரவில்லை. கன்றின் உச்சியைத் தொட்டுக் காட்டினார்.

"எட்டு நாள்லயே எப்படி வளர்ந்திருக்கு பாருங்க!"

சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் மண்வெட்டியை எடுத்துக் குழியை மூட ஆரம்பித்தார்.